சொல்ல வந்து சொல்லாமல் விட்ட வசை: அமெரிக்க வட்டார வழக்கின் மழுப்பல் சொற்கள்

அமெரிக்கத் திரைப்படங்களிலும் தொடர்களிலும் 'டார்ன் இட்', 'வாட் த ஹெக்', 'காஷ்', 'டேட்கம்' போன்ற சொற்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்கும் தமிழர்களில் ஒரு சாரார், அவை கோபத்தில் வாயில் வந்து விழும் வெற்று ஒலிகள் என்று எண்ணுகிறார்கள். இன்னொரு சாரார், அவையும் கெட்ட வார்த்தைகள்தான், காரம் மட்டும் சற்றுக் குறைவு என்று முடிவுகட்டி, பிள்ளைகள் அவற்றைச் சொன்னால் அதட்டுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. 'டார்ன்' என்பதற்குக் கிழிந்த காலுறையை இழையோட்டித் தைத்தல் என்ற தொடர்பற்ற பொருள் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டு எண்ணங்களும் பிழையானவை. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், சொல்லாமல் விடப்பட்ட ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தொட்டுவிடாமல், அதே வேளையில் கேட்பவருக்கு அது நினைவுக்கு வரும்படி, ஒலியைத் திரித்து அமைத்தவை இவை. எந்தச் சொல் விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று தெரிந்துகொண்டால் அமெரிக்கச் சமய வாழ்க்கையின் ஒரு பெரும் பகுதி விளங்கும்.

பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதி

கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த தமிழ்ப் பெண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கணவர் பெயர் பழனி என்றால், பழனிக்குப் போவதைக்கூட 'முருகன் மலைக்குப் போகிறோம்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரின் மீது அவர்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அந்த ஒலி வாயில் வரக் கூடாது என்பது மட்டுமே விதி.

அமெரிக்க மழுப்பல் சொற்களுக்கும் அடிப்படை இதே போன்றதொரு விதிதான். குடியேறிய புராட்டஸ்டண்டுக் கிறித்தவர்கள் உயிராகக் கருதிய பத்துக் கட்டளைகளில் ஒன்று, 'உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக' என்கிறது. வழிபாட்டில் கடவுளின் பெயரைச் சொல்லலாம். கால் இடறியபோதும் கதவில் விரல் நசுங்கியபோதும் அதே பெயரைச் சொல்வது பாவம். கடவுளைக் குறிக்கும் 'காட்', 'ஜீசஸ் க்ரைஸ்ட்', நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்', நரகத்துக்குத் தள்ளுமாறு சபிக்கும் 'டாம்' ஆகிய நான்கும் அன்றாடப் பேச்சிலிருந்து இவ்வாறு விலக்கப்பட்டன. சமூகம் இப்படி வாய்க்கு வெளியே நிறுத்தி வைக்கும் சொல்லை இக்கட்டுரையில் விலக்குச்சொல் என்று அழைக்கிறேன். உடலையும் பாலுறவையும் குறிக்கும் விலக்குச்சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. ஆனாலும் அமெரிக்க மழுப்பல் சொற்களின் பழைய அடுக்கு ஏறத்தாழ முழுவதும் சமயத்தைச் சார்ந்ததே.

தமிழ்ப் பாட்டி விலக்குச்சொல்லைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போனார். அமெரிக்கப் பாட்டியோ அதே வழியில் பாதி தூரம் போய்த் திரும்பிக்கொண்டார். 'டா' என்று தொடங்கியாகிவிட்டது. முடிப்பதற்குள் நாக்கு விலகி 'டார்ன்' என்று முடிகிறது. இவ்வாறு விலக்குச்சொல்லின் ஒலியில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மறுபகுதியைத் திரித்த சொல்லை ஆங்கிலத்தில் 'மின்ஸ்டு ஓத்' என்பார்கள். நாம் மழுப்பல் வசை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நம் இடக்கரடக்கலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று நன்னூல் வகுக்கும் தகுதி வழக்கில், மாற்றுச்சொல் பொருளின் வழியாக வருகிறது. 'கால் கழுவி வந்தேன்' என்பதும் 'துஞ்சினார்' என்பதும் மூலச்சொல்லோடு ஒலியில் ஒட்டுவதில்லை. பொருளைக் கண்ணியமாகச் சுட்டுகின்றன. மழுப்பல் வசையில் நிலைமை நேர்மாறானது. 'ஹெக்' என்ற சொல்லுக்கு நரகத்தோடு பொருளுறவு ஏதும் இல்லை. 'ஹெ' என்ற தொடக்க ஒலி ஒன்றே உறவு.

சுருக்கமாகச் சொன்னால், மழுப்பல் வசை என்பது வலுக்குறைந்த கெட்ட வார்த்தையும் அல்ல, பொருளற்ற ஒலியும் அல்ல. ஒலியால் ஒரு விலக்குச்சொல்லை நினைவூட்டி, சொல்லளவில் அதைத் தவிர்த்த சொல் அது.

நாக்கு எப்படித் திரும்புகிறது

எளிய முறை, முதல் ஒலியை வைத்துக்கொண்டு வாலை மாற்றுவது. 'டாம்' என்பது 'டார்ன்', 'டாங்' என்றாகும். 'ஹெல்' 'ஹெக்' ஆகும். 'காட்' 'காஷ்', 'காலி' என்றாகும். 'ஜீசஸ்' 'ஜீ', 'ஜீப்பர்ஸ்' என்று குறுகும். மலத்தைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல் 'ஷூட்' என்றும் 'ஷுகர்' என்றும் மாறும். 'ஜீசஸ் க்ரைஸ்ட்' போன்ற இரட்டைச் சொல்லில் இரண்டு முதலொலிகளையும் காப்பாற்றிக்கொள்வதும் உண்டு. 'ஜிமினி கிரிக்கெட்' அப்படி அமைந்தது. 1940ஆம் ஆண்டின் டிஸ்னி படமான 'பினோக்கியோ'வில் மனசாட்சியாக வரும் சில்வண்டுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1937இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் குள்ளர்கள் அதை வியப்புச் சொல்லாகவே சொல்கிறார்கள். குழந்தைகளுக்கான ஒரு பாத்திரத்தின் பெயரே மழுப்பல் வசையாக இருப்பதைப் படம் பார்க்கும் பலர் கவனிப்பதில்லை.

அடுத்த முறை ஒலிகளை இடம் மாற்றுவது. இதற்குச் சிறந்த சான்று, மேற்கத்திய கௌபாய்ப் படங்களின் கிழவர்கள் சொல்லும் 'டேக்நேபிட்'. இதன் மூலம் 'காட் டாம் இட்'. முதல் அசையில் 'க்–ட்' என்ற வரிசை 'ட்–க்' என்று தலைகீழாகியிருக்கிறது. இரண்டாம் அசையில் நடந்திருப்பது இன்னும் நுட்பமானது. 'டாம்' என்பதில் முன்னால் வல்லொலி, பின்னால் மூக்கொலி. 'நேப்' என்பதில் முன்னால் மூக்கொலி, பின்னால் வல்லொலி. உதடுகள் சேரும் இடத்தில் 'ம்' இருந்தது, இப்போது அதே இடத்தின் வல்லொலியான 'ப்' இருக்கிறது. நாக்கு மேலண்ணத்தைத் தொடும் இடத்தில் 'ட்' இருந்தது, இப்போது அதன் மூக்கொலியான 'ந்' இருக்கிறது. வல்லினமும் மெல்லினமும் தம் இடங்களை மாற்றிக்கொண்டன என்று, இன எழுத்துகளைப் படித்த தமிழருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். எவரும் உட்கார்ந்து திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. பேசுவோரின் நாக்குகள் தாமாகக் கண்டுபிடித்த ஒழுங்கு இது.

தென் மாநிலங்களின் 'டேட்கம்' என்பதும் இதே வகைதான். இதில் வரும் 'டேட்' அப்பாவைக் குறிப்பதன்று. 'காட்' என்பதன் முதலொலி 'ட்' என்று மாறியதால் வந்தது. அங்கிருந்து விலகிய 'க்' அடுத்த அசையில் குடியேறி 'டாம்' என்பதைக் 'கம்' ஆக்கியது. 'டேட்பர்ன்', 'டேட்ப்ளேம்' முதலியன இதன் உடன்பிறப்புகள்.

எழுத்துக்கூட்டிச் சொல்வது ஒரு தனி வழி. 'ஹெல்' என்று சொல்லாமல் 'ஹெச், ஈ, இரண்டு ஹாக்கி மட்டைகள்' என்பார்கள். ஆங்கிலத்தின் 'எல்' எழுத்து ஹாக்கி மட்டையைப் போல் இருப்பதால் இப்படி. பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த முறை இது.

மூலச்சொல்லின் நிழல் இருப்பதால்தான் இந்தச் சொற்களுக்கு உயிர் என்பது என் துணிபு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் குளிர்நீரில் கையை வைத்தபடி உண்மையான வசைச்சொல்லையும், 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்' என்று புதிதாகப் புனைந்த 'வசைச்சொற்களையும்' சொன்னார்கள். உண்மைச் சொல் வலியைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டியது; புனைந்த சொற்கள் கூட்டவில்லை. அந்த ஆய்வு மழுப்பல் வசைகளைப் பற்றியது அன்று. ஆயினும், கேட்பதற்கு வசை போல ஒலித்தால் மட்டும் ஒரு சொல்லுக்கு வசையின் வலு வந்துவிடாது என்பது அதில் தெளிவாகிறது. வாழ்நாள் முழுதும் விலக்கோடு பிணைந்து வந்த நினைவு வேண்டும்.

திருச்சபையும் சட்டமும்

பதினேழாம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் கடவுள் பெயரால் வீணாக ஆணையிடுவது குற்றம். அபராதம் விதித்தார்கள்; தொழுமரத்தில் மாட்டி ஊர் பார்க்க நிறுத்தினார்கள். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1776 ஆகஸ்ட் 3 அன்று, நியூயார்க்கில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தம் படைக்கு ஒரு பொது ஆணை பிறப்பித்தார். படையில் சபிப்பதும் ஆணையிட்டுப் பேசுவதும் பெருகிவருவதை அறிந்து வருந்துவதாகவும், இறைவனை அவமதித்துக்கொண்டே அவர் அருளை எதிர்பார்க்க முடியாது என்றும் அதில் கண்டித்தார். பேரரசுப் படை கடல்வழியே வந்து சூழ்ந்துகொண்டிருந்த வேளையில் ஒரு தளபதி இதற்காகத் தனி ஆணை எழுதினார் என்பதிலிருந்து விலக்கின் எடை விளங்கும்.

இது பழங்கதை மட்டுமன்று. 1998ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ரைஃபிள் ஆற்றில் படகிலிருந்து விழுந்த ஓர் இளைஞர் உரக்க வசைபாட, அருகில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு இருந்தது. பெண்கள், குழந்தைகள் காதில் விழும்படி வசைச்சொல் பேசக் கூடாது என்ற 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 75 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிச் சட்டத்தையே செல்லாததாக்கியது. அவர் அன்று 'டேக்நேபிட்' என்று கத்தியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரைத்துறையும் இதே வேலியைப் போட்டுக்கொண்டது. ஹாலிவுட் நிறுவனங்கள் 1927இல் ஒப்புக்கொண்ட தவிர்ப்புப் பட்டியலில் 'காட்', 'ஜீசஸ்', 'ஹெல்', 'டாம்' ஆகியவை பெயர் சுட்டியே இடம்பெற்றன. கரடுமுரடான ஆட்கள் நிறைந்த கதைகளில் வசனம் எழுதியவர்களுக்கு மழுப்பல் வசைகளை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. மேற்கத்தியக் கிழவரின் பேச்சு என்று நாம் அறிந்ததில் ஒரு பகுதி இந்த வேலியின் விளைவு.

ஊருக்கு ஊர் மாறும் வழக்கு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடெரிக் காசிடி தலைமையில் 'அமெரிக்க வட்டார வழக்கு அகராதி'க்கான களப்பணி 1965 முதல் 1970 வரை நடந்தது. மாணவர்கள் வேன்களில் நாடெங்கும் சென்று 1,002 ஊர்களில் உள்ளூர் மக்களிடம் 1,600க்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார்கள். 'டாம்' என்பதற்குப் பதிலாக இங்கே மென்மையாக என்ன சொல்வீர்கள், 'ஹெல்' என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்பவையும் அவற்றில் இருந்தன. முதல் தொகுதி 1985இல் வெளிவந்தது. விடைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. யார் எங்கே குடியேறினார்கள், எந்தச் சபை அங்கே வேரூன்றியது என்பதையும் அவை காட்டின.

வடகிழக்கில், வெர்மான்ட் பகுதியின் அடையாளச் சொல் 'ஜீசம் க்ரோ'. இது 'ஜீசஸ் க்ரைஸ்ட்' என்பதன் திரிபு. வயலில் நிற்கும் காகத்துக்கும் அதற்கும் முதலொலியைத் தவிரத் தொடர்பில்லை. நியூ இங்கிலாந்திலும் தெற்கிலும் முதியவர்கள் சொன்ன 'ஐ ஸ்வான்' கொஞ்சம் விளக்கம் வேண்டுவது. 'சத்தியமாகச் சொல்கிறேன்' என்று பொருள்படும் 'ஐ ஸ்வேர்' என்பதை மழுப்பியது அது. இங்கே கெட்ட வார்த்தை எதுவுமே இல்லையே என்று தோன்றும். 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்பது மத்தேயு நற்செய்தியில் வரும் இயேசுவின் கட்டளை. அதை எழுத்துக்கு எழுத்து ஏற்றவர்களுக்குச் சத்தியம் செய்வதே விலக்கு. ஆகவே அந்தச் சொல்லையும் மழுப்பினார்கள். 'டார்னேஷன்' என்பதும் இந்தப் பக்கத்துப் பழஞ்சொல்தான். நித்தியம் என்று பொருள்படும் 'எட்டர்னல்' நாட்டு உச்சரிப்பில் 'டார்னல்' ஆகி, 'டாம்நேஷன்' என்பதோடு கலந்து பிறந்தது.

தெற்கில் 'டேட்கம்' பரவலாக அறியப்பட்டதற்கு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பாபி பௌடன் ஒரு முக்கியக் காரணம். அலபாமாவில் பிறந்த பாப்டிஸ்ட் பக்தரான அவர், 1976 முதல் 2009 வரை அந்தப் பொறுப்பில் இருந்து, ஆட்டம் கைநழுவிய பின்னரும் செய்தியாளர்கள் முன் 'டேட்கம்' என்ற அளவிலேயே கோபத்தை நிறுத்திக்கொண்டார். தொலைக்காட்சி வழியாக அது அவருடைய முத்திரைச் சொல்லாகவே ஆனது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது யூட்டா மாநிலம். 1847இல் பாலைநிலத்துக்கு வந்து குடியேறிய மார்மன் சமயத்தார் கடவுள் பெயரை வீணாக்குவதைக் கடுமையாக விலக்குபவர்கள். அவர்களிடம் 'ஃப்ளிப்', 'ஃபெட்ச்' போன்ற மழுப்பல் சொற்கள் செழித்தன. அவற்றோடு 'ஓ மை ஹெக்' என்ற தொடரும் உண்டு. இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 'ஹெக்' என்பது நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்' என்பதன் திரிபு. ஆனால் 'ஓ மை' என்பதற்குப் பின் ஆங்கிலத்தில் வருவது 'காட்'. கடவுளின் இடத்தில் நரகத்தின் மாற்றுச்சொல் வந்து அமர்ந்திருக்கிறது. 'ஹெக்' தன் மூலத்தை முழுவதும் மறந்து, எந்த விலக்குச்சொல் காலியாக விட்ட இடத்தையும் நிரப்பும் பொதுச்சொல் ஆகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மினசோட்டாவின் 'உஃப் டா' என்ற சொல்லையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது நார்வேக் குடியேறிகளோடு வந்த களைப்பொலி. நம் 'அப்பாடா' போன்றது. அதன் பின்னால் மறைந்த சொல் ஏதும் இல்லாததால் அது மழுப்பல் வசை ஆகாது. நம் நாட்டவர் புண்படும் 'ஹோலி கௌ' வேறு வகை. 'ஹோலி ஸ்மோக்', 'ஹோலி கேட்ஸ்', 'ஹோலி மேக்கரல்' என்று 'ஹோலி'க்குப் பின் எதையாவது இட்டு நிரப்பும் வரிசையில் அதுவும் ஒன்று. பேஸ்பால் வருணனையாளர் ஹாரி கேரி போன்றோர் வானொலி வழியாக அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார்கள். சொல்பவர் பசு வழிபாட்டை நினைத்துச் சொல்வது அரிது.

ஆக, மழுப்பும் முறை நாடெங்கும் ஒன்றே. எந்தத் திரிபு நிலைத்தது என்பதை அந்தந்த ஊரின் சமயமும் குடியேற்றமும் தீர்மானித்தன.

சாம் ஹில் என்பவர் யார்?

'வாட் இன் த சாம் ஹில்' என்ற தொடரில் 'ஹெல்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் பெயர் இருக்கிறது. உடனே அந்த மனிதரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வாய்கூசாமல் வசைபாடிய மிச்சிகன் நில அளவையாளர் சாமுவேல் ஹில் என்று ஒரு கதை. வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் மாளிகை கட்டிய ரயில்வே தொழிலதிபர் சாமுவேல் ஹில் என்று இன்னொரு கதை. இரண்டும் ஆண்டுக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. இந்தத் தொடர் 1839இலேயே நாளிதழில் அச்சாகியிருக்கிறது. நில அளவையாளர் பிறந்தது 1819. அப்போது அவருக்கு இருபது வயது, ஊரறிந்த பெயர் அவருக்கு இல்லை. தொழிலதிபர் பிறந்ததே 1857. 'ஹில்' என்பது 'ஹெல்' என்பதன் ஓருயிரெழுத்துத் திரிபு; அதை மனிதர் பெயர் போல ஒலிக்கச் செய்யும் ஒட்டு 'சாம்'. மழுப்பல் வசைகளுக்குச் சொல்லப்படும் தோற்றக் கதைகளில் பெரும்பாலானவை இப்படிப் பெயரைக் கண்டு பின்னர் ஆளைத் தேடியவை. அத்தகைய கதையைக் கேட்டால் முதலில் ஆண்டைச் சரிபார்ப்பது நல்லது.

மென்மை எல்லாருக்கும் ஒன்றல்ல

சொல்லை மழுப்பிவிட்டால் பாவம் நீங்கிவிடுமா என்று கேட்கும் சபைகள் உண்டு. கண்டிப்பான பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே குடும்பங்கள் சிலவற்றில் 'காஷ்', 'ஜீ' ஆகியவற்றைக்கூடப் பிள்ளைகள் சொல்ல விடுவதில்லை. உள்ளத்தில் நினைத்தது கடவுள் பெயர்தானே என்பது அவர்கள் வாதம். மழுப்பல் வசை இயங்கும் முறையை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பாலுறவுச் சொல்லின் திரிபுகளான 'ஃப்ரிக்கின்', 'எஃபிங்' போன்றவற்றின் மூலம் கடுமையானது என்பதால், அவற்றை வகுப்பறையிலோ மேலாளர் முன்னிலையிலோ சொன்னால் முகம் சுளிப்பார்கள். 'ஹெக்' என்பதை அலுவலக மின்னஞ்சலில் எழுதினாலும் குறையொன்றும் இல்லை. 'டேட்கம்' யாரையும் புண்படுத்தாது. ஆனால் வேற்றூரார் சொன்னால் தெற்கத்தியரைப் போல நடித்துக் காட்டுவதாகத் தோன்றும்.

மென்மையாகத் தோன்றி உள்ளே காயத்தை வைத்திருக்கும் சொற்களும் உண்டு. 'டாம்' வர வேண்டிய இடத்தில் 'காட்டன் பிக்கிங்' என்று தெற்கில் தொடங்கிய வழக்கு கார்ட்டூன்கள் வழியாக நாடெங்கும் பரவியது. பருத்தி பறிப்பது என்றால் அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பு. 2018 ஜூனில் ஃபாக்ஸ் நியூஸ் நேரலை விவாதத்தில் ஒரு விமர்சகர், எதிரில் இருந்த கறுப்பின விமர்சகரைப் பார்த்து இத்தொடரைப் பயன்படுத்தியபோது, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று; நிறுவனம் அவரை நிகழ்ச்சிகளிலிருந்து சில வாரம் நிறுத்தி வைத்தது. 'டார்ன்' என்பதன் மூலம் ஒரு சாபம். இதன் மூலமோ ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு.

விலக்கு இடம் மாறும்போது

இன்று பெருநகர அமெரிக்க இளைஞர்கள் 'ஓ மை காட்' என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். அதன் முதலெழுத்துகளைக் குறுஞ்செய்தியில் தட்டுகிறார்கள். மூலச்சொல்லே வாசலுக்குள் வந்துவிட்டால் மாற்றுச்சொல்லுக்கு வேலை இல்லை. 'காலி', 'ஜீப்பர்ஸ்' முதலியன தாத்தா காலத்துச் சொற்களாக மங்கிவருவதற்குக் காரணம் இதுதான். சமய விலக்கு இன்னும் உறுதியாக இருக்கும் யூட்டா, தென் மாநிலச் சிற்றூர்கள் போன்ற இடங்களில் அவை வாழ்கின்றன. பாலுறவுச் சொல்லின் மீதான விலக்கு தளர்ந்தாலும் முற்றிலும் நீங்காததால், அதன் திரிபுகள் இப்போதும் புதிதுபுதிதாகப் பிறக்கின்றன.

விலக்கின் முழு எடையும் இப்போது வேறொரு சொல்லின் மீது இறங்கியிருக்கிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை, செய்தி வாசிப்பவரும் நீதிமன்றச் செய்தி எழுதுபவரும்கூட 'என் எழுத்துச் சொல்' என்று முதலெழுத்தால் மட்டுமே சுட்டுகிறார்கள். கடவுளின் பெயரையும் நரகத்தின் பெயரையும் டஜன் கணக்கில் திரித்து விளையாடிய அதே மொழியில், இந்தச் சொல்லுக்கு வீட்டில் வைத்துச் சொல்லத்தக்க மழுப்பல் வடிவம் ஒன்றுகூட உருவாகவில்லை.